அடைக்க வேண்டியவை

லிந்துலை ஆஸ்பத்திரியில் புதன்கிழமை பல் கிளினிக்.
பதினேழாம் நம்பர் துண்டு என் கையில்.
இன்றைக்கு எனக்குப் பேர் இல்லை,
செக்ரோலில் ஒரு வெற்றுக் கட்டம்.

டொக்டர் நிர்மாணி சிங்களத்தில் எண்ணிக்கொண்டு போய்
தமிழில் நிறுத்தினார்:
"நாலு அடைப்பு. ஒண்டு விழுந்திட்டு."

அடைப்பு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது
கடைக்காரரின் சிவப்புக் கொப்பி.
பல்லையும் கடனையும் ஒரே சொல்லால்தான் அடைக்கிறோம்.
மிச்சம் இருக்கிறதா என்று
நாக்கு போய்ப் போய்ப் பார்க்கிறது.

கீழே வலப்பக்கம் வெள்ளிக் கலவை.
பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் வேனில் போட்டது,
கழுவாத ஈயச் சட்டி நிறம்.
ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் மெல்லாதே என்றார்கள்,
பயத்தில் ஒரு கிழமை மெல்லவில்லை.
இருபத்திரண்டு வருஷம்,
காய்ந்த ரொட்டி, கட்டச்சம்பல்,
ரேஷன் அரிசியில் ஒரு கல்.
அசையவில்லை.
வீட்டில் வேறு எதையும் அப்படிச் சொல்ல முடியாது.

முன்பல்லில் வெள்ளை.
கொழும்பில் புடவைக்கடைக்கு நிற்கப் போனபோது போட்டது.
நீல வெளிச்சம் பிடித்தார்கள்,
இருபது எண்ணுவதற்குள் இறுகிவிட்டது.
அந்த எட்டு மாதமும் அதுதான் சிரித்தது.
இப்போது தேத்தண்ணி ஏறி ஓரத்தில் மஞ்சள் கோடு.
"அம்மா, இது ஒட்டுப் போட்ட பல்லா?" என்கிறாள் ஹம்ஷிகா.
அவளுடைய பால் பல்லிலும் ஒரு பசை வைத்திருக்கிறார்கள்,
பல்லுக்கு உள்ளேயே மருந்து கசியுமாம்.
தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள், கசிகிறதா என்று.

பொன்னிலும் அடைப்பார்களாம்.
என் பொன் தலவாக்கலை அடகுக் கடையில்
வேறொரு ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

விழுந்தது நாலாவது.
சித்திரையில் வைத்த தற்காலிகம்.
சுண்ணாம்பு மாதிரி மெது, கராம்பு வாசம்.
"ரெண்டு கிழமை. கட்டாயம் வாங்க."
அந்த ரெண்டு கிழமையும் கொழுந்து நிரம்பிய காலம்,
பேரை விட முடியவில்லை.
பிறகு மழை.
பிறகு மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி
மூன்று காம்பிரா போய்
பதினோரு குடும்பம் பள்ளிக்கூட மண்டபத்தில்.
தகரத்தில் கட்டித் தந்த அதிகாரியும்
அதே சொல்லைத்தான் சொன்னார்.
தற்காலிகம்.
கார்த்திகை ஆகிறது.

அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு.
இடப்பக்கமே சாப்பிட்டேன்.
உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடிக்கும் பிளேன்டியை விட்டேன்,
தகப்பன் செத்தபோது கூட விடாதது.
ராவில் பல்லைக் கடிக்கிறேனாம்.
தகரத்து மழைக்குள் அது எப்படிக் கேட்டதோ இவருக்கு.
போன வெள்ளி சோற்றோடு வந்தது, பயறு அளவு.
விரலில் வைத்து மோந்தேன்.
கராம்பு இன்னும் போகவில்லை.

டொக்டர் ஏசவில்லை.
ஊசி, குடைச்சல், வாயெல்லாம் தண்ணீர்.
"வேர் தப்பிச்சிட்டு. இண்டைக்கு..."
சொல் கிடைக்காமல் யோகமலர் மிஸ்ஸைப் பார்த்தார்.
"நிரந்தரம்," என்றார் மிஸ்.
"ஆ, நிரந்தரம்."
நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி
உயர்ந்த இடத்தைச் சீவிவிட்டார்.

அடைத்த பல்லும் சொத்தையாகும், விளிம்பிலிருந்து.
படுக்க முன்னம் துலக்க வேணும்.
இடுக்கில் நூல் விட வேணும்.
ஆறு மாதத்தில் வந்து காட்ட வேணும்.
தையல் நூல் பாவிக்கலாமா என்று கேட்டேன்.
சிரித்தார்.
அவர் வாயிலும் உள்ளே ஒன்று, சாம்பல் நிறம்.

பஸ்ஸில் பாதி உதடு என்னுடையது இல்லை.
எங்கே என்றார் கொண்டக்டர்.
தகர வீட்டுக்கு இன்னும் ஒரு பேர் வைக்கவில்லை,
வைத்திருந்தாலும் இந்த வாயில் வராது.
மேட்டு லயம் என்றேன், குழறி.
அவருக்கு விளங்கியது.
டிக்கட்டைக் கிழித்தார்.