மேல்சட்டம்

கருங்கல் முக்கில்
அண்டியாபீஸ் வேனில் ஏறும்போது
மேல்சட்டம் தலையில் தட்டியது.
"பாத்து ஏறுட்டீ" என்று சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
கொஞ்சநேரம் கண் இருட்டியதைச் சொல்லவில்லை,
அரைநாள் கூலி போகும்.
ரத்தமில்லை. புளியங்கொட்டை அளவு வீக்கம்.
ஞாயிறு ஆராதனைக்குள் வடிந்தும் போனது.

நாற்பத்தோராம் நாள்
பருப்பு தரம்பிரிக்கும் மேசையில்
நாக்கில் ஒரு ருசி,
பழைய துட்டை நக்கியதுபோல.
அடுத்துக் கண்டது கூரைத் தகடு,
என் கைக்குள் திணித்திருந்த
ஆபீஸ் பூட்டின் சாவி,
நனைந்த பாவாடை.
நடுவில் நடந்தது எனக்குத் தெரியாது.
பதினெட்டுப்பேருக்குத் தெரியும்.

மறுநாள் என் டம்ளர் தனியே இருந்தது.
சுகிர்தபாய் அதை எடுத்து
கழுவாமல்
கட்டஞ்சாயா ஊற்றிக் குடித்தாள்.

ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்
நாகர்கோவில் டாக்டர்.
சின்ன அடிதான், ஆனாலும்
அபூர்வமாய்ச் சிலருக்கு வரும்.
காலையொன்று, இரவொன்று, விடாமல்.
கிணற்றடிக்குத் தனியே போகவேண்டாம்.
வந்தால் சரித்துப் படுக்கவைத்து
மணி பார்க்கச் சொல்லுங்கள்.
யாரிடம் சொல்ல என்று
அவர் கேட்கவில்லை, நான் யோசித்தேன்
தக்கலை வரை.

ஆனிச்சாரலில் மறுபடி அந்தத் துட்டு ருசி.
"சுகிர்தம்" என்றது வரை நினைவிருக்கிறது.
கண் திறந்தால்
தலைக்கடியில் மடித்த துண்டு,
அண்டிக்கறை படிந்த அவள் உள்ளங்கையில்
பேனாவால்:
இரண்டு நிமிடம், பத்து வினாடி.

சாவி எங்கே என்றேன்.
பூட்டில்தான் தொங்குது என்றாள்.