எட்டில் மூன்று பங்கு மேகம்

மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா
வெளியே வந்து வானத்தைப் பார்க்க
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
வானத்தை எட்டாகப் பிரித்து
எத்தனை பங்கில் மேகம் என்று எழுதவேண்டும்.
பிறகு காற்று. பிறகு மழைமானியின் மில்லிமீற்றர்.
திருகோணமலை, விடியப்புறம் இரண்டரை:
எட்டில் மூன்று. தென்மேற்குக் காற்று. மழை இல்லை.

நாளைக்கு என்ன நடக்கும் என்று
கொழும்பு சொல்வதற்கு உதவுகிறவள்தான் நான்.
ஆனாலும் கடைசி நாளைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால்
எனக்கு ஒரு கூச்சம்.
தொண்ணூற்றொன்பதில்
பாலையூற்று ஞானமுத்தர்
எஞ்சினையும் வலையையும் விற்றுப்போட்டு
மார்கழி முப்பத்தோராம் இரவு
வெள்ளைச் சாரத்தோடு முற்றத்தில் நின்றார்.
விடிந்தது. காகம் கத்தியது.
தை இரண்டாந் திகதி
மச்சானிடம் தூண்டில் கடன் கேட்டார்.
ஊரே சிரித்தது.
அவருடைய மனிசி சிரிக்கவில்லை.

போதகர் தவநேசன் திகதி சொல்லுகிறவர் அல்ல.
யுத்தம், யுத்தச் செய்தி,
பஞ்சம், பூமியதிர்ச்சி, கடலின் முழக்கம் என்று
அவர் வாசிக்கும்போது
வாங்குகளில் ஒருவரும் நடுங்குவதில்லை.
கப்பலில் அகதியாகப் போய்த் திரும்பியவர்கள்,
தங்கள் கட்டில் மிதந்து போனதைக்
கூரையில் இருந்து பார்த்தவர்கள்,
பெற்றோல் வரிசையில் மூன்று நாள் படுத்தவர்கள்.
எங்களுக்கு அது வருங்காலமே இல்லை.
ஓடச்சொல்லும் வரியும் உண்டு,
அதையும் செய்திருக்கிறோம், குழந்தையும் பானையுமாக.
அதற்குப் பிறகு ஒரு வரி வருகிறது:
இவை தொடங்கும்போது தலையை நிமிர்த்து.

சோதனைச்சாவடிகளில்
குனிந்து குனிந்து பழகின ஊர் இது.
ஒரு கிழமையாக அந்த வரி
என் பிடரியில் வலித்தது.

புது வானம், புதுப் பூமி வாசித்த ஞாயிறு,
கடல் இனி இல்லை என்ற இடத்தில்
பின்வாங்கில் இருந்து சம்மாட்டி எட்வின்
சத்தமாகவே கேட்டார்:
“அப்ப நாங்கள் என்ன தொழில் செய்யிறது, பாஸ்டர்?”
சபை விழுந்து விழுந்து சிரித்தது.
இந்த முறை
சிரிக்காத மனிசி நான்.

யோவேல் அந்தக் கடலுக்குள் இருக்கிறான்.
இருக்கிறான் என்றுதான் சொல்கிறேன்.
சாம்பல்தீவுக்கு அப்பால், தடைபோட்ட நேரத்தில்
என் தம்பி போன படகு
மறுநாள் தனியாக வந்தது.
சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் கிடந்தது.
உடல் இல்லை, அதனால் சான்றிதழ் இல்லை,
பத்தொன்பது வருஷம்.
கடலும் இல்லை என்றால்
நான் எங்கே போய் நிற்பேன்?

அன்றிரவு கடமையில்
ஒரு பக்கம் பின்னால் புரட்டினேன்.
கடல் போவதற்கு முன்னால்
தன்னிடமுள்ள மரித்தோரைக் கொடுத்துவிடுகிறது.
முதலில் அது. பிறகுதான் இது.
இத்தனை வருஷம் இரண்டையும்
தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் அறையிலும் அதுதான் ஒழுங்கு.
எழுதாத வாசிப்பு ஒன்று இருந்தாலும்
கதிரையை விட்டு எழும்ப முடியாது.
கொப்பியை நிரப்பி, ஒப்படைத்து,
கையெழுத்து வைத்த பிறகே வீடு.
கடலே, நீயும் ஷிஃப்டில்தான் இருக்கிறாய்.
ஒரு பெயர் குறைந்தாலும்
உன்னைப் போகவிடமாட்டார்கள்.

ஐந்தரைக்கு வெளியே வந்தேன்.
புள்ளிமான் ஒன்று வேலிக்குள் புகுந்து
மழைமானியை மோந்துகொண்டிருந்தது.
மேகங்களோடு வருவார் என்கிறார்கள்.
எந்த வகை மேகம் என்று எழுதவில்லை,
என் அட்டவணையில் அதற்குக் குறியீடும் இல்லை.
மானைத் துரத்தினேன்.
தலையை நிமிர்த்தினேன், சம்பளத்துக்கு.
பிறகு கொஞ்ச நேரம்
சம்பளத்துக்கு இல்லாமலும்.

எட்டில் ஐந்து.
கிழக்கில் இன்னும் கூடும் போலிருந்தது.