படாத இடம்

எட்டுக் கமரா, ஒரு பெட்டி, முந்நூறு மீற்றர் வயர்.
காசு சிக்காகோவிலிருந்து வந்தது.
வீடு கோண்டாவிலில்.
வாயில் நாலு ஆணியோடு
ஏணியின் உச்சியில் நான்.

போன கிழமை பக்கத்து ஒழுங்கைக்கு
ஹெல்மெற் போட்ட ஆறு பேர்
மூன்று மோட்டார் சைக்கிளில் வந்து
ஒரு வீட்டு யன்னல்களோடு
வாளால் கதைத்துவிட்டுப் போனார்கள்.
விடியும்வரை கண்ணாடி கூட்டுகிற சத்தமாம்.
அதற்குப் பிறகு எனக்குச் சாப்பிட நேரமில்லை.
இணுவிலில் கூப்பிடுகிறார்கள், மானிப்பாயில் கூப்பிடுகிறார்கள்.
ஒரு வாளுக்குப் பத்துக் கமரா என்று
என் கொப்பியில் கணக்கு ஓடுகிறது.
சொல்லக் கூடாது. ஆனால் ஓடுகிறது.

குகதாசன் அண்ணை போனில் நிற்கிறார்.
அங்கே இரவு பதினொன்று, இங்கே பத்தரை வெயில்.
"கொஞ்சம் இடப்பக்கம் திருப்பும். கேற் வெட்டுப்படுது.
தங்கச்சி தனிய இருக்கிறவ.
கிணத்தடியும் தெரியவேணும்."

கிணற்றடி என்றதும்
ஏணியைப் பிடித்திருந்த பவளராணி அக்கா
நிமிர்ந்து என்னைப் பார்த்தா.
ஒன்றும் சொல்லவில்லை.
"அங்காலை வயர் எட்டாது அண்ணை" என்றேன்.
தோளில் நாற்பது மீற்றர் சுருள் கிடந்தது.

இரண்டு கிழமையில் அக்காவே எடுத்தா.
"பழுது ஒண்டும் இல்லை. ஒருக்கா வந்திட்டுப் போ."

மீன்காரனுக்கு ஏன் தேத்தண்ணி குடுத்தனீ?
ராத்திரி ரெண்டு மணிக்குக் குசினி லைற் ஏன் எரிஞ்சது?
வாசலில் நிண்டு அவ்வளவு நேரம் ஆரோடை கதை?
கள்ளன் இன்னும் வரவில்லை,
கேள்வி மட்டும் நாளுக்கு மூன்று தரம் வந்ததாம்.

"தம்பி, எட்டுக் கண்ணிலும் படாத இடம் எங்கை?"

தொழிலில் யாருக்கும் சொல்லாத விசயம் அது.
தண்ணித் தொட்டிக்கும் பின்மதிலுக்கும் நடுவில்
மூன்றடி.
காலால் மண்ணில் கோடு கீறிக் காட்டினேன்.
அடுத்த முறை போனபோது
அதில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை.

இன்றைக்கு ஐந்தாம் கமராவில் எறும்பு கூடு வைத்திருந்தது.
தட்டித் துடைத்து இறங்கினால்
பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டிருக்கிறா.
தேத்தண்ணியோடு போனையும் நீட்டினா.
"இது அவன்ரை வாசல். கேட்டன், தந்தவன்."

மூன்று படி. படியில் பனி.
கதவுக்கு மூன்று பூட்டு, பக்கத்தில் அலாரப் பெட்டி.
அண்ணையின் நகரத்தில்
காரைக் கையோடு பறிக்கிறார்களாம்,
கதவு திறக்க முதல் அவர்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பதை
அக்கா இங்கிருந்து பார்க்கிறா.
அவர் நித்திரை கொள்ளும் நேரம்
இவவுக்குப் பகல்.
கறி கொதிக்கும் மட்டும் காவல்.

"முந்தநாள் ஒரு பொடியன்.
பதினைஞ்சு வயசு இருக்கும். தொப்பியை இழுத்து மூடி
ஒவ்வொரு கார்க் கதவாய் இழுத்துப் பாத்துக்கொண்டு வந்தவன்.
இவன்ரை படியிலை ஏறிட்டான்.
எனக்குக் கையும் ஓடேல்லை. மைக் படத்தை அமத்தி
'ஆரடா அது?' எண்டு கத்திப்போட்டன்."

சிக்காகோவில் விடியப்புறம் இரண்டரைக்கு
ஒரு கதவு கோண்டாவில் தமிழில் அதட்டியிருக்கிறது.

"ஓடினவனோ?"
"இல்லை. நிண்டு பாத்தவன்.
நேரே என்ரை கண்ணுக்குள்ளை.
கையை ஊதிக்கொண்டு. கையுறை இல்லை.
பிறகு, வாறன் எண்டு சொல்லுற மாதிரித் தலையை ஆட்டிப்போட்டு
இறங்கிப் போனான்."

அண்ணைக்குச் சொன்னாவா?
"சொன்னால் இன்னொண்டு வாங்கிப் பூட்டுவான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக் கேற்றுக்கு
இன்னும் முறுக்கிய கம்பிதான்.
அதை நான் சொல்ல வாயெடுக்க
போன் அடித்தது.

"உந்தக் கமராத் தம்பி
பத்து மணிக்கு உள்ளை வந்தவர்.
வெளியிலை போனதைக் காணேல்லை.
ஆள் எங்கை?"

அக்கா என்னைப் பார்த்தா.
தேத்தண்ணியை இன்னொரு மிடறு
ஆறுதலாகக் குடித்தா.