அவர் போகாத குகை

காயானியில் இன்று மைனஸ் இருபத்தாறு.
அதிகாலை மூன்று மணிக்கு நான் ஏறவேண்டிய பனி வண்டிக்கு
இன்னும் நேரம் இருக்கிறது.
கம்பளிக் காலுறையைக் கழற்றாமல் உட்கார்ந்து
கணினியை எழுப்புகிறேன்.

ஓஸ்மோ என்பவரிடம் வாங்கியது.
பெட்ரோல் பங்க் வாசலில், இருநூற்று இருபது யூரோ.
கையுறையோடு நோட்டை எண்ணினார்,
இரண்டு முறையும் தப்பாக.
எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றார்.

அழிக்கவில்லை.
எமுலேட்டருக்குள் ஒரு கோப்புறை கிடந்தது.
படமில்லை, கடிதமில்லை,
பெயர் என்று பார்த்தால் எண்ணும் எழுத்தும் கலந்த பதினாறு குப்பை.
ஷேடர் கேஷ்.

எனக்கும் அதே விளையாட்டுதான் பிடிக்கும்.
என் கன்சோல் செத்து இரண்டு வருஷம்;
கார்ட்ரிட்ஜ் மட்டும் கரண்டி டிராயரில் கிடந்தது.
அதிலிருந்து நானே உருவி எடுத்து வைத்திருந்தேன்.

முதன்முதலில் ஒரு தீப்பந்தத்தை,
தண்ணீர்மேல் சாயும் வெயிலைப் பார்க்கும்போது
கணினி திக்கும்.
வேறொரு எந்திரத்துக்கு எழுதியதைத்
தன் பேச்சில் மாற்றிச் சொல்ல
அதற்கு ஓர் இமைப்பொழுது வேண்டும்.
அதுவரை குதிரை அந்தரத்தில் நிற்கும்.
மாற்றியதைக் குறித்து வைத்துக்கொள்ளும்,
மறுமுறை திக்காது.

எனக்கோ முதல் நாளே திக்கவில்லை.
புல்வெளி வழுக்கிக்கொண்டு போனது.
மழை பிசிறில்லாமல் பெய்தது.
எனக்கு முன்னால் ஓஸ்மோ போயிருக்கிறார்.

பழகிய விஷயம்தான்.
இரவு நான் வழித்துப் போட்ட தெருவில்
காலையில் யாரோ சைக்கிள் மிதிக்கிறார்கள்.
என்னை நினைத்துக்கொண்டா மிதிக்கிறார்கள்?

ஒரு மாதத்தில் அவரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.
சமையல் பிரியர்: எந்தக் கஞ்சி கொதித்தாலும்
ஆவி தடையின்றி எழுகிறது.
வடக்குக் கோபுர உச்சிவரை ஏறியிருக்கிறார்.
எரிமலைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார், பாதிவரை.
பாலத்துக்குக் கீழே ஒரு குகை.
அங்கே நுழைந்தேன்;
திக்கியது.
இன்னோர் அடி. மறுபடி.
அவர் போகாத திக்கு.

ஏன் போகவில்லை என்று வாசலிலேயே நின்றேன்.
வேலை மாறியிருக்கலாம்.
பிள்ளை பிறந்திருக்கலாம்.
இருட்டு பிடிக்காமல் இருக்கலாம்,
ஆனால் இருட்டு பிடிக்காதவர்
காயானியில் டிசம்பரை என்ன செய்வார்?

செவ்வாய்க்கிழமை திரையோரம் ஒரு சின்னச் சதுரம்:
புது டிரைவர் வந்திருக்கிறது, மாற்றலாமா?
நகராட்சி என்னைத்தான் கேட்கிறதோ
என்று ஒரு கணம் வயிறு கலங்கியது.

புது டிரைவர் வந்தால் பழைய குறிப்பு செல்லாது.
ஒரு வரிகூட.
பிறகு, பிறகு என்று மூன்று வாரம் தள்ளினேன்.
நேற்று ஏரி முழுக்கக் கறுத்து
வெறும் தாராகிவிட்டது.
இனித் தள்ள முடியாது.

கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்தேன்.
அறுநூற்று நாற்பது எம்பி.
ஒன்றுக்கும் ஆகாது, தெரியும்.
கரண்டிகளோடு போட்டுவைத்தேன்.

இப்போது புல் திக்குகிறது.
கஞ்சி திக்குகிறது.
குதிரை ஒவ்வொரு வேலியின் மேலும்
நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்குகிறது.
வைக்கிங் கப்பல் மாதிரி ஆடி ஆடிக்
கோபுரத்துக்குப் போகாமல், சந்தைக்குப் போகாமல்,
நேரே பாலத்துக்குக் கீழே போனேன்.
குகைக்குள் பெரிதாக ஒன்றுமில்லை ஓஸ்மோ.
ஒரு பெட்டி, உள்ளே ஐந்து அம்பு.
கூரையில் நீலமாய் ஏதோ மினுங்குகிறது,
அது தெரிவதற்குத்தான் வெகுநேரம் பிடித்தது.

மணி இரண்டே முக்கால்.
வெளியே, நேற்று நான் வழித்த தெரு
தெருவாகவே இல்லை.
வண்டிச் சாவியைத் திருப்புகிறேன்.
எஞ்சின் இருமுறை இருமிவிட்டுப்
பிடித்துக்கொள்கிறது.