இரண்டு புள்ளி

எங்கள் நிலவறையில் இடம் இரண்டு பேருக்குத்தான்.
துணி துவைக்கும் எந்திரத்துக்கு இந்தப் பக்கம் என் மிதி அச்சு.
அந்தப் பக்கம், வெந்நீர்க் கொதிகலனை ஒட்டி,
தெக்லாவின் பட்டறை மேசை.
நான் மிதித்தால் அவள் ரம்பம் தடுமாறும்.
அவள் அராவினால் என் மையில் வெள்ளி விழும்.
போன வருடம் ஒரு பல் மருத்துவரின் முகவரி அட்டைகளில்
ஐநூற்றில் ஒன்று மினுங்கிவிட்டது.
மீதியையும் அப்படியே அடித்துத் தரக் கேட்கிறார்.

டுலூத்தில் பிப்ரவரி.
உறைந்த ஏரி ராத்திரியெல்லாம் முனகும்.
பூட்ஸில் பனியோடு படி இறங்கி வந்தாள் ஐலா.
அப்பாவுக்குச் சனிக்கிழமை அடக்கம்.
எண்பது அட்டை. பெயர், இரண்டு தேதி, சங்கீதத்தில் ஒரு வரி.
பெயரை எழுதிவிட்டு
ஏ எழுத்தின் தலையில் பேனாவால் குத்தினாள்,
இரண்டு தரம்.

அந்த எழுத்து என்னிடம் இல்லை.
ஐயோவாவில் மூடிப்போன ஒரு அச்சகத்தின்
நான்கு இழுப்பறைகள்தான் என் சொத்து.
விதைப் பட்டியல் அடித்தவர்கள்.
மக்காச்சோளம் விற்கப் புள்ளி எதற்கு?

"புள்ளி இல்லாவிட்டாலும் புரிந்துகொள்வார்கள்" என்றேன்.
"சுரங்க ஆபீஸிலும் அதையேதான் சொன்னார்கள்.
நாற்பத்தொரு வருடச் சம்பளச் சீட்டு."

புள்ளியோடு வாசித்தால் குன்று.
புள்ளி போனால், அவர்கள் பாஷையில்,
மரத்தில் தாவும் வால் நீண்ட ஒரு பிராணி.
மா என்று தொடங்கி மே-யைத் தொடாமல்
நடுவில் வாய் திறந்தபடி நிற்கிற ஓசை.
சொல்லிக் காட்டினாள். சொல்லிப் பார்த்தேன்.
"பிராணிதான் வருகிறது" என்று சிரித்தாள்,
சிரிப்பை முடிக்காமல் மூக்கைத் துடைத்தாள்.
தெக்லா அராவுவதை எப்போது நிறுத்தினாள், கவனிக்கவில்லை.

பொடி வைத்துப் பேசத் தெரியாதவள்
அன்றிரவு பொடி வைத்து ஊதினாள்.
முதலில் என் காரீய ஏ ஒன்றின் தலையில்.
ஒரு மூச்சு, எழுத்து.
அடுத்த மூச்சு, குட்டை.
"உன் உலோகத்துக்கு ரோஷம் ஜாஸ்தி" என்று
கரியைத் தட்டிவிட்டுப் பித்தளை எடுத்தாள்.
கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி
ஒரு ஏ அறுத்தாள், தொப்பையோடு, வாலோடு.
பிறகு வெட்டி எறிந்த வெள்ளித் துணுக்கு இரண்டு.
தீ பட்டதும் அவை தாமாகவே சுருண்டு,
யாரும் சொல்லித் தராமல்,
உருண்டையாகிவிடுகின்றன.
பற்றாசு ஓடியது. ஒட்டிக்கொண்டன.
பல் துலக்கிவிட்டு வந்து இன்னொரு தரம் அராவினாள்.

வெள்ளிக்கிழமை மிதித்தேன்.
மற்ற எழுத்தெல்லாம் தாளைத் தொட்டுவிட்டுப் போயின.
அந்தப் புள்ளிகள் மட்டும் கடித்தன.
மயிரிழை உயரம் கூடுதல்.
அட்டையைத் திருப்பினால் முதுகில் இரண்டு மேடு.
அடித்தாளை மாற்றுகிறேன் என்றேன், இன்னும் அரை மணி என்றேன்.
ஐலா பதில் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி, அட்டையின் பின்பக்கம்
கண்ணை மூடித் தடவிக்கொண்டிருந்தாள்.
புள்ளி வைத்தால்தான் மெய்.
கெட்டுப்போன அட்டைகளையும் கேட்டு வாங்கிப் போனாள், ஏழு.

ஞாயிறு, எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டேன்.
பித்தளை ஏ-க்கு அறை இல்லை.
கோட்டுப் பொத்தான் கிண்ணத்தில் கிடந்தது, பத்து நாள்.

அப்புறம் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது.
ஒரு நீராவிக் குளியலறைக்குப் பெயர்ப்பலகை அட்டை.
விவாகரத்தான ஒருத்திக்குப் பழைய குடும்பப் பெயரில் கடிதத்தாள்.
அதில் அந்த ஏ ஒரே வரியில் மூன்று.
நேற்று ஒரு கிழவர், காணாமல்போன நாய்க்குச் சுவரொட்டி.
நாயின் பெயரில் ஏ இல்லை,
ஓ. தலையில் இரண்டு.
"புள்ளி இல்லாமல் கூப்பிட்டால் வராது" என்கிறார்.

தெக்லா என்னைப் பார்த்தாள்.
நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.
டார்ச்சைப் பற்றவைக்கிறாள்.