பன்னிரண்டு வாரம்

நவம்பர். ஃபியோர்டில் மதியமே விளக்கு.
மிதவை அறையில் நான்கு திரை,
நான்கிலும் சால்மன்கள்
சுற்றிச் சுற்றி வருகின்றன.

மார்ச்சில் தீவனம் மாறியது.
முதல் மூட்டையைப் பிரித்த ஸ்டெய்னுல்ஃப்
உள்ளே முகம் புதைத்து
"பொரித்த உருளைக்கிழங்கு" என்றான்.
கனோலா எண்ணெய்.
எங்கோ மஞ்சளாய்ப் பூத்து ஓய்ந்த வயல்.

மீன்கள் ஒன்றும் கேட்கவில்லை.
குழாய் இருமியதும் வாய் திறந்தன,
எடை கூடின.
ஆய்வகத் தாளில் மட்டும்
கடல் சதவீதம் சதவீதமாக
வற்றிக்கொண்டிருந்தது.

பூனைதான் முரண்டு பிடித்தது.
சிந்திய குருணையை மோந்துவிட்டு
தன் பீயை மூடுவதுபோல்
காலால் பறித்து மூடப் பார்த்தது,
இரும்புத் தரையில்.

நான் யார் பக்கம் பேச?
போன வருடம்வரை
பெரு நாட்டு நெத்திலியை உருக்கித்தான்
இவற்றை வளர்த்தோம்.
ஒரு மீனுக்கு எத்தனை மீன் என்று
உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
உறையைக் கிழித்தும் போட்டேன்.

கூண்டு காலியாகப் பன்னிரண்டு வாரம் இருக்க
திரும்ப வந்தது மீனெண்ணெய்த் தீவனம்.
தட்டுக்குப் போகுமுன்
உடம்பில் கொஞ்சம் கடல் ஏற வேண்டுமாம்,
கடலிலேயே கிடப்பவற்றுக்கு.

லாரிச் சீட்டு இன்னும் வரவில்லை.
காலையில் பார்த்தால்
புது மூட்டைமேல் பூனை,
கண்மூடி, நகம் பதித்து.
பதிவேட்டில் தேதி எழுதிக்கொண்டேன்.