பிறிதின் கிழமை

போனில் எனக்குப் பெயர் கிடையாது.
எண் உண்டு.
அதைச் சொல்லிவிட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வேன்,
நோபிள் பார்க்கில், துணி காயும் ஹீட்டருக்குப் பக்கத்தில்.

இன்று கவுன்சில்.
டாண்டினாங் நூலகத்து மாடியில் செவ்வாய்தோறும்
வாடகைக்கு இருப்பவர்களுக்கென்று ஒரு மேசை போடுகிறார்கள்.
அந்தப் பக்கம் ப்ரான்வின். குரலில் சளி.
இந்தப் பக்கம் ஒருவர்,
காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக.

மொழிபெயர்ப்பாளருக்கு விதி எளிது:
கூட்டாதே. குறைக்காதே.
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்.

"கிழமைக்கு எழுபது டொலர் கூட்டிப்போட்டான், தங்கச்சி."

வந்த புதிதில் இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்திருக்கிறேன்.
திருநெல்வேலியில் கிழமை என்றால் வெள்ளி, செவ்வாய்.
யாழ்ப்பாணத்தாருக்கு அது முழு வாரம்,
ஏழு நாளையும் கட்டிய ஒரு மூட்டை.
இந்த நாட்டில் வாடகையும் மூட்டை மூட்டையாகத்தான் போகிறது.

என் வாடகை வாரத்துக்கு எழுபது டாலர் ஏறிவிட்டது
என்றேன், ஆங்கிலத்தில்.
(தங்கச்சி மட்டும் அந்தக் கரைக்கு வரவில்லை.)
என்னுடையது எண்பத்தைந்து.
ஏஜென்ட்டின் ஈமெயில் இதே போனில்தான் கிடக்கிறது,
இந்தக் குரல்களுக்கு அடியில்.

குளியலறைக் கூரையில் பூஞ்சை என்றேன்.
அடுப்பில் ஒரு பர்னர்தான் எரிகிறது என்றேன்.
மூன்று தடவை சொல்லியும் ஆள் வரவில்லை,
இனிச் சொன்னால் எழுப்பிவிடுவார்களோ என்று பயம் என்றேன்.
எல்லாம் அவருடையவை.
பூஞ்சையைச் சொல்லும்போது ஏனோ தலை தானாக நிமிர்ந்தது.

ப்ரான்வின் நிதானமாகச் சொன்னாள், நானும் நிதானமாகச் சொன்னேன்:
நோட்டீஸ் வந்ததிலிருந்து முப்பது நாள்.
அதற்குள் எழுதிக் கேளுங்கள், வந்து மதிப்பிடுவார்கள்.
அதற்குக் காசில்லை.
உங்கள் தெருவில் இதே அளவு வீடு என்ன விலைக்குப் போகிறது,
பலகைகளைப் படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் தேதி வந்தது.
இன்று இருபத்தொன்பது.
குறிப்பு நோட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன்.
யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு அவர் கேட்டார்,
"தங்கச்சி, நீங்கள் என்ன நினைக்கிறியள்? எழுதட்டோ?"

என்னைத்தான் கேட்கிறார்.
எனக்கு நினைக்க அனுமதி இல்லை.
கேள்வியைத் தூக்கி, இந்தத் தடவை
தங்கச்சியையும் விடாமல்,
அப்படியே மேசையின் அந்தப் பக்கம் வைத்தேன்.

ப்ரான்வின் மூக்கைச் சிந்தினாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
அப்புறம், கவுன்சில் குரலை விட்டுவிட்டு:
நானும் வாடகைக்குத்தான் இருக்கிறேன்.
போன வருஷம் நான் எழுதினேன்.
நாற்பதைக் குறைத்தார்கள்.

சொல்ல வேண்டும். என் வேலை அது.
"நானும் வாடகைக்குத்தான் இருக்கிறேன்," என்றேன்.
கூட்டவில்லை.
குறைக்கவில்லை.

கம்பியில் மூன்று பேர் மூச்சுவிட்டோம்.
அவர் காகிதத்தை மடிப்பதை நிறுத்தியிருந்தார்.

ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில்
ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள். உடைமை.
என் கை, தற்கிழமை: என்னை விட்டுப் பிரியாது.
என் வீடு, பிறிதின் கிழமை.
இரண்டு மதிப்பெண் கேள்வி. அன்று சரியாக எழுதினேன்.

அழைப்பு முடிந்தது. இருபத்துமூன்று நிமிடம்.
சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வேலியில்
வாடகைக்கு என்ற பலகை. மழையில் விலை தெரியவில்லை.
குடையோடு போய் இரண்டு படம் எடுத்தேன்.
ஒன்றில் என் விரல்.

மடிக்கணினியில் 'நான்' என்று அடித்தேன்.
அதற்குமேல் என்ன வரும் என்று
யாரோ சொல்லக் காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது. மருத்துவமனை.
எண்ணைச் சொன்னேன்.
எனக்கு இடது முழங்கால்
படியிறங்கும்போது மட்டும் வலிக்கிறது, டாக்டர், என்றேன்.